ராஜாளிக்கு எந்த இறக்கை? வங்கக் கடல் கண்காணிப்பில் ஆளுள்ள விமானமும் ஆளில்லா விமானமும்

அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளத்தின் பெயர் ராஜாளி. ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் இருப்பது பருந்து. முன்னது தொலைதூரம் பாயும் பி-8ஐ விமானங்களின் கூடு. பின்னது பாக் நீரிணைக்கு மேல் வட்டமடிக்கும் ஆளில்லா விமானங்களின் தளம். யோசித்துச் சூட்டினார்களோ இல்லையோ, வேலைப் பிரிவினை பெயரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

2020 நவம்பரில் குத்தகைக்கு வந்த இரண்டு சீகார்டியன் ஆளில்லா விமானங்களுக்கும் அரக்கோணம்தான் தளம். அதே எம்கியூ-9பி குடும்பத்தில் 31 விமானங்கள் வாங்க 2024 அக்டோபர் 15-ல் ஒப்பந்தமானது: கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. அதற்கு நான்கு வாரம் முன்பு, செப்டம்பர் 18-ல், குத்தகை விமானங்களில் ஒன்று கோளாறாகி, சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒரே கேள்வி இரண்டு வேடத்தில் வருகிறது. ‘இனி விமானி எதற்கு?’ என்பது ஒரு கட்சி. ‘இதை நம்பிக் கடலை விடுவதா?’ என்பது இன்னொரு கட்சி. வேலை என்ன என்று கேட்காமல் விமானத்தைப் பற்றியே பேசுவதில் இருவரும் ஒன்றுதான்.

களத்தில் உண்மையாகவே இருக்கும் நான்கை எடுத்துக்கொள்வோம்: டோர்னியர் 228, பி-8ஐ, ஹெரான், சீகார்டியன். முதல் இரண்டில் ஆள் உண்டு; அடுத்த இரண்டில் இல்லை.

## எதை வைத்து அளப்பது?

போய்ச் சேரும் நேரம். கரையிலிருந்து 1,000 கி.மீ. தொலைவில் ஒரு கப்பல் உதவி கேட்டு அழைக்கிறது, பிறகு சத்தமில்லை. அது 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. பி-8ஐ போல மணிக்கு 815 கி.மீ. வேகத்தில் பறந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இருக்கலாம். அதற்குள் கப்பல் சுமார் 34 கி.மீ. போயிருக்கும். சீகார்டியன் போல மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் பறப்பது போய்ச் சேர மூன்று மணி நேரத்தைத் தொடும். கப்பல் 79 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். எந்தத் திசையில் போனது என்று தெரியாததால் தேட வேண்டியது ஒரு வட்டம். முதல் வட்டத்தைவிட இரண்டாவது ஐந்து மடங்குக்கும் பெரியது. வேகத்தின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும்.

நிற்கும் நேரம். கண்டுபிடித்தாகிவிட்டது, இனி கண்ணை எடுக்கக்கூடாது என்றால் கணக்கு தலைகீழ். போக, வர ஆகும் நேரத்தைக் கழித்து மிஞ்சுவதுதான் பயன்.

எவ்வளவு உயரம். ரேடார் பார்வையும், தரையோடு பேசும் நேர்க்கோட்டு லிங்க்கும் பூமியின் வளைவுக்குக் கட்டுப்பட்டவை. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் தொடுவானத் தொலைவு கி.மீ.யில் கிடைக்கும். 10,000 அடிக்கு 227, 15,000 அடிக்கு 278, 25,000 அடிக்கு 360.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது. திரையைப் பார்ப்பவர் விமானத்துக்குள் இருக்கிறாரா, செயற்கைக்கோளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாரா? லிங்க் அறுந்தால் வேலை நிற்குமா, தொடருமா?

போனால் என்ன போகும். இரும்பு மட்டுமா, உயிரும் சேர்த்தா?

விலையை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம், வெளியே தெரியும் விலை எதுவுமே விலை அல்ல என்பதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

| | டோர்னியர் 228 | பி-8ஐ | ஹெரான் | சீகார்டியன் |
|---|---|---|---|---|
| இறக்கை அகலம் | 17 மீ | 37.6 மீ | 16.6 மீ | 24 மீ |
| புறப்படும்போது அதிகபட்ச எடை | 6.4 டன் | 85 டன் | 1.15 டன் | 5.7 டன் |
| எஞ்சின் | 2 டர்போப்ராப் | 2 ஜெட் | 1 பிஸ்டன் | 1 டர்போப்ராப் |
| தேடும் வேகம், மணிக்கு (கணக்குக்காக) | 330 கி.மீ. | 650 கி.மீ. | 130 கி.மீ. | 350 கி.மீ. |
| 80 கி.மீ. பட்டையில் ஒரு மணி நேரம் துழாவினால் | 26,000 ச.கி.மீ. | 52,000 ச.கி.மீ. | 10,000 ச.கி.மீ. | 28,000 ச.கி.மீ. |
| 1,000 கி.மீ.க்கு அப்பால் நிற்கும் நேரம் | சொல்லும்படி இல்லை | சுமார் 7 மணி | நேர்க்கோட்டு லிங்க் எட்டாது | சுமார் 24 மணி |
| லிங்க் அறுந்தால் | வேலை தொடரும் | வேலை தொடரும் | வேலை நிற்கும் | வேலை நிற்கும் |

பட்டை 80 கி.மீ. என்பது நான்கையும் ஒரே அளவுகோலில் வைக்க எடுத்துக்கொண்ட எண். கடல் கொந்தளித்தால் சிறு படகுக்கு அது பாதியாகச் சுருங்கும். பெரிய கப்பலுக்கு இரண்டு மடங்காகும். சீகார்டியனின் 24 மணி என்பது 30 மணி நேரப் பறப்பிலிருந்து போக்குவரத்தைக் கழித்தது. பி-8ஐயின் 7 மணி, 1,200 கடல்மைல் போய் 4 மணி நேரம் நின்று திரும்பும் அதன் திறனிலிருந்து கணக்கிட்டது.

## டோர்னியர் 228

கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) நிறுவனம் கட்டுவது. சென்னை மீனம்பாக்கத்தில் 2019 ஜூலையில் தொடங்கிய ஐஎன்ஏஎஸ் 313 என்ற கடற்படை விமான அணியின் விமானமும் இதுவே. கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றும் வசதி இல்லாததால், வழக்கமாக 10,000 அடிக்குக் கீழேதான் வேலை. அதனால் ரேடார் தொடுவானமும் 227 கி.மீ.யோடு நின்றுவிடும். கரையோரத்துக்கு அது போதும்.

இதன் பலம் எளிமை. உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்கும்; சின்ன ஓடுதளம் போதும்; விமானி தாழ இறங்கி, படகின் பதிவெண்ணைக் கண்ணாலேயே படித்துவிடலாம். 25 கடற்படை டோர்னியர்களைப் புதுப்பிக்க 2024 மார்ச்சில் போட்ட ஒப்பந்தம் 2,890 கோடி ரூபாய். ஒன்றுக்குச் சுமார் 115 கோடி. பழசுதானே என்று யாரும் ஓரங்கட்டிவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

பலவீனத்தை 2015 ஜூன் 8 இரவு காட்டியது. சென்னையிலிருந்து ரோந்துக்குப் போன கடலோரக் காவல் படையின் டோர்னியர் ஒன்று திரும்பவில்லை. மூவர் உயிரிழந்தனர். ஒரு மாதத் தேடலுக்குப் பிறகுதான், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் சிதைவு கிடைத்தது. 2024-ல் இதே கடலில் சீகார்டியன் விழுந்தபோது, எடுத்துச் செய்த ஒரே சடங்கு விசாரணை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது.

## பி-8ஐ

போயிங் 737-இன் உடலில் கட்டிய நீர்மூழ்கி வேட்டை விமானம். 2013 மே மாதம் முதல் விமானம் அரக்கோணம் வந்தது. இப்போது மொத்தம் 12. மற்றோர் அணி கோவாவில். ஒன்பது பேர் பணிக்குழு. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ-வில் இல்லாத இரண்டு கருவிகள் இதில் உண்டு: பின்பக்கம் பார்க்கும் இன்னொரு ரேடார்; வாலில், இரும்புடல் நீர்மூழ்கி காந்தப்புலத்தில் உண்டாக்கும் சலனத்தை உணரும் மேட் கருவி.

ஆள் ஏன் வேண்டும் என்பதற்கு நல்ல விடை சோனோபாய். கடலில் வீசும் இந்த ஒலிமிதவை, ஒரு தரம் போட்டால் போட்டதுதான், திரும்ப எடுப்பதில்லை. நீருக்கடியில் கேட்பதை வானொலி அலையில் மேலே அனுப்பும். வீசும் முன், கடலின் வெப்பநிலையை ஆழத்துக்கு ஆழம் அளக்கும் மிதவை ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், எந்த ஆழத்தில் காது வைப்பது என்பது அதிலிருந்து முடிவாகும்.

வங்கக் கடல் இந்த இடத்தில் ஏமாற்றும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் வடக்குப் பகுதியில் மேலாகப் பரவி நிற்கிறது. உப்பளவு ஆயிரத்துக்கு ஒன்று குறைந்தால் ஒலி வேகம் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர் குறையும். வெப்பத்தை மட்டும் அளக்கும் மிதவைக்கு உப்பு தெரியாது. ஆகவே திரையில் வரும் வளைகோடு ஒன்று, தண்ணீருக்குள் நடப்பது வேறு. பருவமும் இடமும் பழகிய ஆள், ‘இந்த மாதத்தில் இந்த இடத்தில் மேல்படலம் இப்படித்தான்’ என்று ஆழத்தை மாற்றச் சொல்வார். அந்த முடிவு நிமிடங்களில் எடுக்க வேண்டியது. அடுத்த மிதவையை எங்கே போடுவது என்று கேட்டுக்கொண்டு செயற்கைக்கோளுக்காகக் காத்திருந்தால் நீர்மூழ்கி நழுவிவிடும்.

சீனாவோடு உரசல் வந்தபோது, 2017-ல் டோக்லாம், 2020-ல் லடாக் என்று மலைக்கு மேலும் இதைப் பறக்கவிட்டார்கள். கேமராவும் ரேடாரும் நல்லவை என்பதால் முடிந்தது. ஆனால் நீர்மூழ்கி பிடிக்க வாங்கிய விமானத்தின் ஆயுள் மணிகளை வேறு வேலையில் கரைப்பது விலையுயர்ந்த பழக்கம்.

24 மணி நேரமும் 1,000 கி.மீ. தொலைவில் ஒரு பி-8ஐ நிற்க வேண்டுமென்றால் நான்கு பறப்பு, 36 பேர். இரண்டு நாள் தாங்கும். ஒரு மாதத்துக்குத் தாங்காது.

## ஹெரான்

உச்சிப்புளியில் 2012 ஏப்ரலில் தொடங்கிய ஐஎன்ஏஎஸ் 344 அணிக்கு வந்தவை ஹெரானும் அதைவிடச் சிறிய சர்ச்சரும். ஒரே பிஸ்டன் எஞ்சின், 250 கிலோ சுமை, மெதுவான பறப்பு. தேடுவதற்கு ஆகாது, பார்த்துக்கொண்டிருப்பதற்கு அருமையானது. 15,000 அடியில் நின்றால் நேர்க்கோட்டு லிங்க் 278 கி.மீ. எட்டும். பாக் நீரிணை முழுவதும் அந்த வளையத்துக்குள் அடங்கிவிடும், செயற்கைக்கோள் வாடகை இல்லாமலே.

தொல்லை, கீழே இருக்கும் கூட்டம். இரவில் விசைப்படகும் ஃபைபர் படகும் நூற்றுக்கணக்கில். பல சிறு படகுகளில் அடையாளம் சொல்லும் கருவி கிடையாது. வெப்பக் கேமராவில் ஃபைபர் படகின் எஞ்சின் மட்டும் பொட்டு வைத்தாற்போல் பளிச்சென்று தெரியும், உடல் மங்கல். விடியலிலும் அந்தியிலும் கடலும் படகும் ஒரே வெப்பத்துக்கு வரும் சிறிது நேரம், படகே கரைந்துபோகும். அந்த நேரத்தை ரேடாரை வைத்துக் கடத்த வேண்டும். இது தெரியாத புதிய ஆபரேட்டர் கேமரா பழுது என்று புகார் எழுதுவார்.

## சீகார்டியன்

குத்தகைக்கு வந்த இரண்டும் இரண்டே ஆண்டில் 10,000 மணி நேரம் பறந்தன. இரண்டு விமானத்துக்கு அது மலைக்க வைக்கும் எண்: சராசரியாக ஒவ்வொன்றும் நாளுக்குச் சுமார் 7 மணி. (எஞ்சின் டோர்னியரின் அதே டிபிஈ331 குடும்பம்தான். பறக்கும் நேரத்தில் இருக்கும் வித்தியாசம் எஞ்சினால் வந்தது அல்ல. நீண்ட இறக்கையாலும், ஆளும் ஆளுக்கான ஏற்பாடுகளும் இல்லாததால் ஏற்றிக்கொண்ட 2.7 டன் எரிபொருளாலும் வந்தது.)

இறக்கையின் முன்விளிம்பில் பனி நீக்கும் அமைப்பு உண்டு. வெப்ப மண்டலத்தில் சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு மேலே எல்லாமே உறைநிலை என்பதால் இது ஆடம்பரம் அல்ல. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எழும் இடிமேகத்தின் உச்சி 50,000 அடியைத் தாண்டும். 40,000 அடி விமானம் அதன் மேலே ஏற முடியாது. சுற்றிப் போகத்தான் வேண்டும். மெதுவான விமானத்துக்குச் சுற்று என்றால் மணிக்கணக்கு.

சோனோபாய் வீசும் பெட்டிகளும் இதற்கு உண்டு, பெட்டிக்குப் பத்து. பி-8ஐ நூற்றுக்கு மேல் சுமக்கும். ஆகவே வேட்டையைத் தொடங்கவும் முடிக்கவும் பி-8ஐ, நடுவில் மிதவைகள் அனுப்புவதை உட்கார்ந்து கேட்க சீகார்டியன் என்பதே பொருத்தமான ஜோடி.

இரண்டும் சேர்ந்து வேலை செய்ததை 2024 மார்ச்சில் பார்த்தோம். இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 2,600 கி.மீ. தொலைவில், கொள்ளையர் பிடியிலிருந்த எம்வி ரூயென் கப்பலை ஐஎன்எஸ் கொல்கத்தா போர்க்கப்பல் மறித்தது. போர்க்கப்பலிலிருந்து ஏவிய சிறு ட்ரோனைக் கொள்ளையர் சுட்டு வீழ்த்தினர். மேலே பி-8ஐயும் பெரிய ஆளில்லா விமானமும் மாறி மாறி இருந்தன. சி-17 விமானத்திலிருந்து கமாண்டோக்கள் குதித்தனர். 40 மணி நேரத்தில் 35 கொள்ளையர் சரண். 17 மாலுமிகள் மீட்பு. இதில் எது வென்றது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

## கணக்கில் வராத செலவு

31 விமானம், சுமார் 350 கோடி டாலர். வகுத்துப் பார்த்து ‘ஒன்றுக்கு 11 கோடி டாலரா!’ என்று அதிர்வது வழக்கமாகிவிட்டது. அந்தத் தொகைக்குள் தரைக்கட்டுப்பாட்டு நிலையம், ஆயுதம், உதிரிபாகம் எல்லாம் இருக்கின்றன. 2021-ல் அமெரிக்க அரசு ஆறு பி-8ஐக்கு ஒப்புதல் கொடுத்தபோது சொன்ன உச்சவரம்பு 242 கோடி டாலர். வகுத்தால் ஒன்றுக்கு 40 கோடி. அதுவும் இதே மாதிரி மூட்டை விலைதான். வகுக்காமல், என்னென்ன மூட்டையில் இருக்கிறது என்று பாருங்கள்.

‘ஆளில்லா’ என்ற சொல்லும் ஏமாற்று. விமானத்துக்குள் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றினால், ஒரு நாள் பறப்புக்கு விமானி, கருவி ஆபரேட்டர் ஜோடிகள் நான்கு. அதற்கு மேல் படத்தைப் படிப்பவர்கள். 24 மணி நேர வீடியோவை 24 மணி நேரம் யாராவது பார்க்கத்தானே வேண்டும்? விமானம் வாங்கிவிட்டு, படம் படிக்க ஆள் எடுக்காத படைகளில் வன்தட்டுகள்தான் நிறையும்.

செயற்கைக்கோள் அலைவரிசைக்கு வாடகை உண்டு, தாமதமும் உண்டு. பூமிக்கு மேல் 35,786 கி.மீ. ஏறி இறங்கும் கட்டளை போய்ப் பதில் வர அரை நொடி. வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நேரம் அதற்கு மேல். ரோந்தில் இது உறுத்தாது. குறுக்குக் காற்றில் கையால் தரையிறக்க முயன்றால் உறுத்தும். அதனால்தான் தானியங்கித் தரையிறக்கம். லிங்க் அறுந்தால் முன்பே எழுதிவைத்த பாதையில் திரும்பி வரும். புறப்படும் முன் அந்தப் பாதையை அன்றைய வானிலைப் படத்தோடு ஒத்துப் பார்ப்பது கட்டாயம். நேற்றைய பாதையை அப்படியே விட்டால், விமானம் கீழ்ப்படிதலோடு இடிமேகத்துக்குள் போய் வட்டமடிக்கும்.

எதிராளியின் மனக்கணக்கும் ஒரு செலவு. 2001-ல் ஹைனான் அருகே சீனப் போர் விமானத்தோடு மோதிய அமெரிக்க ஈபி-3 உளவு விமானத்தின் 24 பேர் 11 நாள் காவலில் இருந்தனர்; சீன விமானி இறந்தார். 2023 மார்ச்சில் கருங்கடலுக்கு மேல் ரஷ்யப் போர் விமானம் மோதி ஓர் அமெரிக்க எம்கியூ-9 ஆளில்லா விமானம் விழுந்தது. கண்டன அறிக்கைகளோடு முடிந்தது. ஆனால் 2019 ஜூனில் ஹோர்முஸ் நீரிணை அருகே பெரிய அமெரிக்க ஆளில்லா விமானத்தைச் சுட்ட ஈரான் தரப்பு, பக்கத்திலேயே ஆட்களோடு பறந்த அமெரிக்க பி-8 விமானத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டோம் என்றது. ஆள் இல்லாததை இழக்கத் துணியலாம் என்பதற்கு மறுபக்கம், எதிரியும் சுடத் துணியலாம்.

## எந்த வேலைக்கு எது?

நீர்மூழ்கி, திடீர் அழைப்பு, லிங்க்கை முடக்கக்கூடிய எதிரி: பி-8ஐ. கண்டுபிடித்த கப்பலை நாள் கணக்கில் பின்தொடர, கடல் வழிகளைத் தினமும் படம் எடுக்க: சீகார்டியன். குறுகிய நீரிணையில் இரவு முழுக்க ஒரே இடம்: ஹெரான். கரையோர ரோந்து, தேடல் மீட்பு, படகருகே தாழப் போய்ப் பார்ப்பது, மிதவைப் படகு போடுவது: டோர்னியர். பணம் கொஞ்சம்தான், ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள சிறிய படைக்கு டோர்னியர்தான் என் வாக்கு. 2022 ஆகஸ்டில் இலங்கைக்கு இந்தியா கொடுத்ததும் அதுதான்.

## கருவி செய்பவர்களுக்கு

விமானம் வாங்குவோரைவிட, அதில் ஏற்றும் ரேடாரோ கேமராவோ செய்ய இறங்குவோருக்குத்தான் இந்தத் தேர்வு கடினம். முதல் சோதனையை ஆளுள்ள விமானத்தில் வையுங்கள். பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, பறக்கும்போதே அளவுகளைத் திருத்தலாம்; ஆளில்லா விமானத்தில் ஒரு எண்ணை மாற்ற ஒரு பறப்பு வீணாகும்.

ஆனால் டோர்னியர் கேபினில் சொன்னபடி கேட்ட பெட்டி, 40,000 அடியில் காற்றழுத்தமில்லாத அறைக்குள் போனதும் மூன்று வழியில் சாகும். முதலாவது சூடு. வெளியே மைனஸ் 56 டிகிரி என்றாலும், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் கால்வாசிதான். மின்விசிறி சுழலும், குளிராது. உலோகத் தகடு வழியாக வெப்பத்தை விமானத்தின் உடலுக்கே கடத்த வேண்டும். இரண்டாவது, உயர் மின்னழுத்தம்: மெல்லிய காற்றில் தீப்பொறி எளிதாகத் தாவும், ரேடார் அனுப்பியின் இணைப்புகளை ரப்பர் கலவையில் மூழ்கடித்து அடைக்காவிட்டால் முதல் ஏற்றத்திலேயே கருகும். மூன்றாவது இறங்கும்போது. உறைந்த கேமரா உருண்டை சென்னையின் ஈரக் காற்றுக்குள் வந்ததும், உள் கண்ணாடியில் வியர்க்கும். உள்ளே நைட்ரஜன் நிரப்பி, ஈரம் உறிஞ்சும் மணிகள் வைத்து, ஒவ்வொரு பறப்புக்கும் முன் அந்த மணிகளின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

உப்புச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 5 சதவீத உப்பு மூட்டத்தில் 24 மணி, உலர 24 மணி, மறுபடி அதேபோல் ஒரு சுற்று: மொத்தம் நான்கு நாள். தோற்பது பெரும்பாலும் ரேடார் அல்ல, அதன் இணைப்பான்; அலுமினிய உடலில் முடுக்கிய எஃகு திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.